23 இனங்கள் எதற்கு, கோபி?

அன்புள்ள கோபி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, வேளை தவறாமல் சொட்டு மருந்து போட வேண்டியிருந்ததால் பதில் எழுத உட்கார முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். கட்டுப் பிரித்த மறுநாளே, வீட்டுக்கு வெள்ளையடித்து எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்டார். பார்வை திரும்பியதன் முதல் பலன் எனக்குத்தான்.

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் நம் கதையாட்டத்துக்கு நீ படைக்கிற கற்பனை உலகத்தின் இனப் பட்டியலை இரண்டு முறை படித்தேன். 23 இனங்கள். கூர்காது எல்ஃபில் மட்டும் நான்கு வகை. பூனை முகத்துக்காரர்கள், ஆமை முதுகுக்காரர்கள், ஆந்தைக் கண்காரர்கள். நீ உலகம் படைக்கிறாயா, கல்யாணப் பந்திக்கு இலை போடுகிறாயா? உன் ஆட்டத்துக்கு உட்காரப்போவது ஐந்து பேர். “அவரவர்க்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டுமே” என்று நீ சொல்வது இங்கேயே காதில் விழுகிறது.

எனக்கும் அந்தப் புத்தி இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு நடத்திய ஆட்டத்தில், விதிப் புத்தகத்தில் இருக்கிற எந்த இனத்தை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று தாராளமாகச் சொல்லிவிட்டேன். ஒருவர் டிராகன்பார்ன் எடுத்தார். ஆறரை அடி உயரம், உடம்பெல்லாம் செதில், வாயைத் திறந்தால் நெருப்பு. மலையடிவாரத்துச் சத்திரத்தில் நுழைந்து கஞ்சி கேட்டார். சத்திரக்காரனாகப் பேசிய நான் “இரண்டு செப்புக்காசு” என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “இந்த ஊரில் என்னைப் போல் ஆட்கள் நிறைய உண்டா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உண்டு என்றால் அவர்கள் எங்கே, இல்லை என்றால் சத்திரக்காரன் ஏன் அலறவில்லை? அன்றிலிருந்து ஆட்டம் முடியும்வரை அவர் நெருப்புக் கக்கத் தெரிந்த சாதாரண மனிதர்தான். தவறு முழுக்க என்னுடையது.

அதனால் இப்போது ஒவ்வொரு இனத்தையும் ஒரே கேள்வி கேட்கிறேன். உன்னைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் என் உலகத்தில் எது இடிந்து விழும்?

கீத் பேக்கர் உருவாக்கிய எபரான் என்ற ஆட்ட உலகம் 2004-இல் வந்தபோது நீதானே எனக்குக் காட்டினாய்? அதில் வார்ஃபோர்ஜ்டு என்ற இனத்தை எடுத்துப் பார். மரமும் உலோகமுமாகப் போருக்கென்றே செய்யப்பட்டவர்கள். ஒரு நூற்றாண்டு நடந்த போர் முடிந்தது, உடன்படிக்கை அவர்களை விடுதலை செய்தது. சரி, இனி என்ன செய்வது? தூக்கம் கிடையாது, சோறு கிடையாது, மூச்சுகூடக் கிடையாது. நம் ஆட்டத்தில் உன் வார்ஃபோர்ஜ்டு எல்லோரும் தூங்கிய பிறகு சத்திரத்து வாசலில் விடிய விடிய நின்றது நினைவிருக்கிறதா? காவலுக்கு நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வேறு என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. அந்த இனத்தை நீக்கினால் அந்தப் போருக்கே முகம் இல்லாமல் போய்விடும்.

1991-இல் வந்த டார்க் சன் என்ற ஆட்ட உலகம் இன்னும் ஒரு படி மேலே போனது. அந்தப் பாலைவன உலகத்தில் குட்டை உருவ ஹாஃப்லிங் இனம் மனிதர்களைத் தின்னும். நோம் என்ற இன்னொரு குட்டை இனத்தில் ஒருவர்கூட மிச்சமில்லை, கொன்று தீர்த்துவிட்டார்கள். அங்கே இல்லாத இனமும் கதை சொல்கிறது.

வாத்தையும் ஓர் இனமாக வைத்த ஆட்டம் உண்டு என்றதும் நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். ஆனால் 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற அந்த ஆட்டத்தில் வாத்துகள் வெறும் வேடிக்கை இல்லை. மரண தேவனை வணங்கும் வாள்வீரர்கள் அவர்களில் உண்டு. ஒரு கலகத்துக்கு அவர்கள்தான் காரணம் என்று பழிபோட்டு, ஆள்கிற பேரரசு வாத்துத் தலைகளுக்கு விலை வைக்கிறது. இதைப் படித்த பிறகு சிரிப்பு தொண்டையில் நின்றுவிட்டது.

ஆரம்பத்தில் இந்தப் பட்டியல் எவ்வளவு சின்னது தெரியுமா? 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸை வெளியிட்டபோது மனிதர், டுவார்ஃப் என்ற குள்ளர், எல்ஃப், ஹாபிட், அவ்வளவுதான். ஹாபிட்டைத் தன் நாவல்களில் படைத்த டோல்கீனின் தரப்பு ஆட்சேபித்த பிறகு ஹாபிட் ‘ஹாஃப்லிங்’ ஆனது. ஆட ஆட அனுபவம் சேர்ந்து ஏறும் நிலைகளில், டுவார்ஃப் வீரன் ஆறாம் நிலைக்கு மேல் போக முடியாது, ஹாபிட் நான்கோடு சரி. மனிதனுக்கு மட்டும் வரம்பில்லை. உலகம் மனிதர் கையில் இருக்க வேண்டும் என்பது கைகாக்ஸின் பிடிவாதம். அதே கையேட்டில், ஒருவர் டிராகனாகவே ஆட விரும்பினாலும் குட்டியாகத் தொடங்கி வளரட்டும் என்றும் எழுதியிருந்தார்கள். பூட்டையும் போட்டு, சாவியையும் பக்கத்திலேயே வைத்தார்கள்.

அக்கா மகன் இங்கே விடுமுறைக்கு வந்திருக்கிறான். பதினான்கு வயது. 2000-இல் வந்த, அதே டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பை அலமாரியிலிருந்து எடுத்துப் படித்துக்கொண்டிருந்தவன், பாதி மனிதன், பாதி ஆர்க் என்ற முரட்டு இனமான ஹாஃப்-ஆர்க்கின் பக்கத்தில் விரலை வைத்து, “மாமா, இவனுக்குப் பலம் இரண்டு கூட, அறிவு இரண்டு குறைவு என்று போட்டிருக்கிறது. பிறக்கும்போதே முட்டாளா?” என்று கேட்டான். விடுதியில் நாம் அப்படி ஒருவனை ஆறு மாதம் ஆடினோம், கோபி. அவன் பேச்சுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆளைப் பார்த்ததும் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டு, அறிவை அளந்துவிடும் பெரியவர்கள் நம் தெருக்களிலேயே இருந்தார்கள். அப்படியும் நமக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை.

2024 பதிப்பில் அந்தக் கணக்கு பிறப்பிலிருந்து பிரிந்துவிட்டது. முன்பு என்ன தொழில் செய்தான், எங்கே வளர்ந்தான் என்பதோடு சேர்த்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் ஹாஃப்-எல்ஃபையும் ஹாஃப்-ஆர்க்கையும் பட்டியலிலிருந்தே எடுத்ததில் எனக்கு வருத்தம். இரண்டு வீட்டிலும் விருந்தாளியாகவே வளர்ந்தவனைப் போல ஆட ஆசையூட்டும் பாத்திரம் வேறு ஏது?

உன் பட்டியலில் நோமை அடித்துவிடு. 2008-இல் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்காரர்களே ஆடுகிற இனங்களிலிருந்து அதை ஒரு வருடம் நீக்கிப் பார்த்தார்கள், கூச்சல் கிளம்பியது, மறு வருடம் திரும்பி வந்தது. உன் உலகத்தில் கூச்சல் போட யாரும் இல்லை.

நாகர் மட்டும் இருக்கட்டும். நீ படைப்பது துறைமுக நகரம், அதற்குப் பொருந்துவார்கள். ஆனால் பாம்பு வால் ஒட்டாதே. மணிமேகலையில் சாதுவன் கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கும் இடத்தை ஒருமுறை படி. அவனைத் தின்ன வந்தவர்கள், தங்கள் மொழி அவனுக்குத் தெரிகிறது என்றதும் நின்றுவிடுகிறார்கள். எலும்பும் வற்றல் இறைச்சியும் கிடக்கிற இடத்தில் தலைவன் அவனை உட்காரவைத்து, கள்ளையும் பெண்ணையும் மறுக்கிறாயே, வாழ்வில் வேறு என்ன பயன் இருக்கிறது என்று கேட்கிறான். கடைசியில், கலம் உடைந்து வருபவரைக் கொல்லமாட்டோம் என்று ஒப்புக்கொள்கிறான். வாலும் செதிலும் எதற்கு? மனிதனை உட்காரவைத்து வாதாடுகிற இனம் கிடைத்திருக்கிறது உனக்கு.

இந்தக் கதையைச் சொன்னதும் அக்கா மகன் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்தத் தலைவனின் பேரனாக ஆடப்போகிறானாம். தாத்தா கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற பேரன், ஆனால் எப்போதும் பசியோடு இருப்பவன். உன் ஐந்து பேரில் ஒரு இடம் அவனுக்கு வை. தீபாவளி விடுமுறையில் வருகிறோம். என் இருபது முகப் பகடை உன்னிடம்தான் இருக்கிறது, தேடி எடுத்து வை.

அன்புடன்,
சேகர்