பொறுப்பெடுக்கப் பழகட்டும் நம் பிள்ளைகள்

அன்புடைய பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை முதல் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவ மாணவியருக்கு வாரம் ஒரு முற்பகல், ஊர்ப் பொதுக்காரியங்களை முன்னின்று கவனிக்கப் பழக்கும் ஊர்ப்பொறுப்புப் பயிற்சி அளிப்பதென ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் கூடி முடிவெடுத்திருக்கிறோம். அதற்கு உங்கள் இசைவை வேண்டியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதுநாள்வரை மாணவர் தலைவர் என்றால் குரல் கணீரென்று உள்ளவரையும் வரிசையில் உயரமாக நிற்பவரையுமே தேர்ந்தெடுத்து வந்தோம். அது தவறு என்று எனக்கு உணர்த்தியவள் வகுப்பில் வாய் திறந்தே அறியாத ஒரு மாணவி. சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் சதவீதம் நடத்தியபோது, மல்லிகைத் தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளைகளிடம், மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போகும் பூவின் கணக்கை ஒரு மாதம் எழுதி வரச் சொன்னோம். அவள் எடை, விலை, கமிஷன், வண்டிக்கூலி, பறிப்புக்கூலி என ஐந்து பத்தி பிரித்துக் கரும்பலகை நிறைய எழுதினாள். முகூர்த்த நாளில் ஏறிய விலை மறுவாரமே சரிந்து, பறிப்புக்கூலிகூடத் தேறாத நாள்கள் அதில் இருந்தன. சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காமலேயே, "நாலு வீட்டுப் பூவையும் ஒரே ஆட்டோவில் ஏற்றினால் வண்டிக்கூலியாவது மிஞ்சுமே, சார்?" என்று கேட்டாள். இன்று அந்தத் தெருவில் நான்கு வீட்டுப் பூவும் ஒன்றாகத்தான் போகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் பெருமையைப் பாடமாக நடத்துகிறோம். அதை விளைவிக்கும் வீட்டின் வரவுசெலவைப் பிள்ளைகள் அறிவது அதற்குச் சற்றும் குறைந்த படிப்பன்று.

அழகர்மலைப் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாவை நீங்கள் அறிவீர்கள். எழுதப் படிக்க வாய்ப்பில்லாத விவசாயக் கூலியான அவர், உடன் உழைத்த பெண்களைத் திரட்டிக் கூலிக்காகப் பேசினார், களஞ்சியம் சேமிப்புக் குழுக்களை வளர்த்தார். 2001இல் டெல்லி விழாவில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளிக்கூடம் கொடுக்காத பயிற்சியை அவர் வாழ்க்கையில் பட்டுத் தெரிந்துகொண்டார். பள்ளிக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு அதை நாம் கொடுக்காமல் இருப்பது சரியா என்ற கேள்வி என்னை விடவில்லை.

பயிற்சியில் மேடைப்பேச்சு கிடையாது. முதல் மாதம் ஆசிரியர் துணையுடன் நம் கண்மாய்க் கரையில் நடந்து, மடை எத்தனை, மிகுநீர் வழிந்தோடும் கலுங்கு எந்த நிலையில் உள்ளது, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே தூர்ந்திருக்கிறது என்று பிள்ளைகள் வரைபடம் வரைவார்கள். தண்ணீருக்குள் யாரையும் இறங்க விடமாட்டோம். பின்னர், அந்த வரைபடத்துடன் அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபைக்குச் செல்வோம். 18 வயது நிரம்பி வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களே அதன் உறுப்பினர்கள் என்பதால், பிள்ளைகள் அமர்ந்து கவனிப்பார்கள். அவர்கள் கண்டறிந்ததைச் சபையில் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தாம். உங்களில் பலர் கிராம சபைக்கு வந்து ஆண்டுகள் ஆகின்றன என்பதையும் வருத்தத்துடனேயே குறிப்பிடுகிறேன்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நம் மாநில உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. நாளை அந்த நாற்காலியில் அமரும் பெண் கணவரையோ அண்ணனையோ பேசவிட்டுத் தான் கையெழுத்து மட்டும் போடாதிருக்க வேண்டுமானால், கணக்குக் கேட்கவும் கணக்குச் சொல்லவும் பதினான்கு வயதிலேயே அவள் பழக வேண்டும். வீட்டு வேலையைக் காரணம் காட்டி அவளை நிறுத்திவிடாதீர்கள்.

மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் நியாயமானதே. பத்தாம் வகுப்பினருக்கு அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே பயிற்சி நிறைவுறும். பூப்பறிப்பு முடிந்து வரும் பிள்ளைகளுக்காகப் பத்து மணிக்குத்தான் தொடங்குகிறோம்; அதுவும் ஒத்துவராத வீட்டார் வகுப்பாசிரியரிடம் சொன்னால் நேரத்தை மாற்றித் தருவோம். இணைத்துள்ள இசைவுச் சீட்டில் தாய், தந்தை இருவரும் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்