கற்பிட்டி டொல்பின்களைத் துரத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

டிசெம்பர் விடுமுறைக்கு வான் பிடித்துக் குடும்பம் குடும்பமாக இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள கற்பிட்டிக்குப் புறப்படும் காலம் நெருங்குகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கடல் அடங்கிக் கிடக்கும். கண்டக்குழி, ஆலங்குடாக் கரைகளில் விடியற்காலையில் படகேறினால் டொல்பின்களைக் காண நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் சனம் கூடும் நாட்களில் ஒரே கூட்டத்தைப் பல படகுகள் நாலாபுறமும் விரட்டுகின்றன. இதற்குப் படகோட்டிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "இன்னும் கிட்டக் கொண்டு போங்கோ" என்று படகில் இருந்து கத்துவது நாம்தான். டொல்பின் காட்டினால்தான் காசு என்று கரையில் பேரம் பேசுவதும் நாம்தான்.

அங்கே பெருங்கூட்டமாகத் திரிபவை சுழல் டொல்பின்கள். ஏறக்குறைய 2 மீற்றர் நீளம், மெல்லிய நீண்ட மூக்கு, கருஞ்சாம்பல் முதுகு, வெளிர்சாம்பல் விலா, வெள்ளை வயிறு. இருட்டியதும் ஆழத்திலிருந்து மேலே வரும் சிறு மீன், கணவாய், இறால் வகைகளை இரவு முழுக்க வேட்டையாடிவிட்டுப் பகலில்தான் இளைப்பாறும். நாம் போய்ச் சேரும் காலை வேளை அவை ஓய்வுக்குத் திரும்பும் நேரம். அந்த ஓய்வு நாள்தோறும் கெட்டால் இரவு வேட்டைக்குத் தெம்பிராது. பாலூட்டும் தாய்க்கு அது இன்னும் பாதகம். ஒரு தாய் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டிதான் ஈனும். இதே இனத்துக்காகத்தான் ஹவாயில் 2021 முதல், கரையிலிருந்து 2 கடல்மைலுக்குள் 50 யார் (ஏறக்குறைய 46 மீற்றர்) தூரத்தை விடக் கிட்டப் போவதும் சேர்ந்து நீந்துவதும் தடை செய்யப்பட்டுள்ளன.

படகை எப்படிக் கொண்டு போவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூட்டம் கண்ணில் பட்டதும், சுமார் 300 மீற்றரிலேயே வேகத்தை நடை வேகத்துக்குக் குறைக்க வேண்டும். படகின் பின்னால் அலை எழக்கூடாது. நேரே முன்னால் போய் மறிப்பதும் பின்னால் தொடர்ந்து விரட்டுவதும் கூடாது. பக்கவாட்டில், சற்றுப் பின்தங்கி, அவை போகும் திசையிலேயே இணையாகப் போக வேண்டும். குறைந்தது 50 மீற்றர் இடைவெளி விட வேண்டும். அது எவ்வளவு என்று கடலில் மட்டுக்கட்டுவது கடினம். 18 அடிக் கண்ணாடியிழைப் படகு என்றால் ஒன்பது படகு நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தின் நடுவே ஒருபோதும் நுழையக்கூடாது. குட்டி தாயின் விலாவோடு ஒட்டியே நீந்தும். கூட்டம் சிதறினால் முதலில் பிரிந்து போவது அதுதான்.

இப்படி மெல்லப் போனால் பல வேளைகளில் அவையே தேடி வந்து படகின் முன்முனையான முன்னணியத்தில் விளையாடும். அப்போது படகோட்டி வேகத்தையும் திசையையும் மாற்றாமல் பிடிக்க வேண்டும். சட்டென்று திருப்பினால் இஞ்சின் விசிறி வெட்டிவிடும். படகின் விளிம்பில் தட்டுவது, விசிலடிப்பது, தீனி எறிவது, தண்ணீரில் குதிப்பது எதுவும் வேண்டாம். அவை திரும்பத் திரும்பத் திசை மாற்றினாலோ, வாலால் நீரை அறைந்தாலோ, ஒன்றாக மூழ்கி நெடுநேரம் வெளிவராமல் இருந்தாலோ தொந்தரவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், விலகிவிட வேண்டும். அமைதியாக இருந்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே கூட்டத்தோடு நிற்பது சரியல்ல. ஏற்கெனவே இரண்டு மூன்று படகுகள் நின்றால் தள்ளிக் காத்திருக்கலாம்.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று. சுழன்று பாய்ந்த டொல்பின் பெரும்பாலும் அதோடு நிறுத்தாது, அடுத்தடுத்துப் பல முறை பாயும். மூக்கு முதலில் நீரைக் கிழித்து வரும், உடல் பம்பரம் போலச் சுற்றும், பக்கவாட்டில் 'சளார்' என்று விழும். முதல் பாய்ச்சலைக் கண்ணால் பார்த்துவிட்டு, அது விழுந்த இடத்துக்குச் சற்று முன்னால் போனைப் பிடித்திருந்தால் இரண்டாவது கிடைக்கும்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே சரிபார்க்க வேண்டும். அங்கியை மாட்டிப் பட்டிகளை இறுக்கிய பின் இரு தோள்பகுதியையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி பிள்ளையின் காதுவரை ஏறினால் அது பெரிது. விழுந்தால் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். பெரியவர்களின் அங்கியை இழுத்துக் கட்டிச் சமாளிப்பதும் இந்த ஆபத்தில்தான் முடியும். முன்னணியம் அலையில் தூக்கிப் போடும், பின்புறம் இஞ்சின் புகை குமட்டும். பிள்ளைகளுக்கு நடுப்பகுதிதான் நல்லது. வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ச் சாப்பாடும் வேண்டாம். பாணோ வாழைப்பழமோ போதும். குமட்டல் மாத்திரையைப் படகேறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னரே போட வேண்டும். பிள்ளைகளுக்கு வைத்தியரைக் கேட்டுக் கொடுங்கள். தொப்பிக்கு நாடா இருக்கட்டும். பொலித்தீன் பைகளை வான் வண்டியிலேயே விட்டுவிடுங்கள், கடல்காற்றில் அவை கையில் நிற்காது.

காசுப் பேச்சைப் படகேறுமுன் தீர்த்துவிட வேண்டும். கூலி பயண நேரத்துக்கு, டொல்பின் வந்தாலும் வராவிட்டாலும். துரத்த வேண்டாம் என்பதையும் அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டால் படகோட்டிக்கும் நெருக்கடி இல்லை, எரிபொருளும் மிச்சம். இரண்டு வான் நிறையச் சனம் போனால் படகுகள் ஒன்றாகக் கிளம்பாமல் இடைவெளி விட்டுப் போகும்படி ஒழுங்கு செய்யலாம்.

டொல்பின்கள் வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளவை. கடல் பாலூட்டிகளைப் பார்வையிடுவதற்கென 2012இல் தனி ஒழுங்குவிதிகளும் வந்தன. படகேறும் ஒவ்வொரு கரையிலும் அவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில், இடைவெளியை விளக்கும் படத்தோடு பலகையில் எழுதி வைக்குமாறு வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஓகஸ்ட் விடுமுறைக்குத் திட்டமிடுவோர் கற்பிட்டியைத் தவிர்க்கவும். அப்போது தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் திருகோணமலைக் கடல்தான் அடக்கமாக இருக்கும்.

இப்படிக்கு,
கடல்வள ஆர்வலர்கள் சிலர்,
புத்தளம்.