பறவைகளைப் பறக்கவிட்டுப் படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்திலிருந்து ஞாயிறுதோறும் தொண்டிக் கடற்கரைக்குக் கேமராவோடு கிளம்பும் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரிந்திருக்கும். இருபத்தைந்து வருடமாகக் கல்யாணப் படம் எடுப்பவன். உங்கள் வீட்டு வளவில் எங்காவது ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்று உங்கள் அக்கா கல்யாணத்தை எடுத்திருப்பேன். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

நம் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. திருப்பூட்டு, அதாவது தாலி கட்டுவது, முடிந்த கையோடு, "அண்ணே, இன்னொரு தடவை கையைக் கொண்டு போங்க" என்போம். யாரோ மறைத்திருப்பார்கள், ஃபோகஸ் நழுவியிருக்கும். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே செய்வார். அதையே கடற்கரைக்கும் கொண்டுபோய்விட்டோம். சேற்றில் இரை பொறுக்கும் உள்ளான் பறவைக் கூட்டத்தைக் கண்டால் ஒருவர் ஓடுகிறார், ஒருவர் கை தட்டுகிறார், மற்றவர்கள் அது எழும்புவதைப் படபடவென்று எடுக்கிறார்கள். சரியாக வரவில்லையா, அது போய் இறங்கிய இடத்தில் மறுபடி.

நானும் ஓடியவன்தான். மூன்று வருடம் முன்னால் ஒரு பிப்ரவரியில், ஒரே கூட்டத்தை நாலு தடவை எழுப்பினேன். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏந்தம்பி, பந்தியில உக்காந்தவன வாய்க்கு வாய் எந்திரின்னு சொன்னா அவன் எப்பத் திம்பான்?" படம் என்னவோ நன்றாகத்தான் வந்தது. ஸ்டுடியோவில் பெரிதாகப் போட்டு மாட்டினேன். பெரியவர் கேட்டது உறுத்திக்கொண்டே இருந்ததால் ஆறு மாதத்தில் கழற்றிவிட்டேன்.

அவர் கேட்டதில் ஒரு கணக்கு இருக்கிறது. கொசு உள்ளான் சாதாரண நாளில் 30 கிராம் தேறாது. வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு ஆகஸ்ட், செப்டம்பரில் நம் கரைகளுக்கு வர ஆரம்பிக்கிறது. மார்ச், ஏப்ரலில் திரும்புகிறது. திரும்புமுன் உடம்பில் கொழுப்பு ஏற்றியாக வேண்டும். வழிக்கு டீசல் அதுதான். பட்டைவால் மூக்கன் என்ற பறவையைப் பார்த்திருப்பீர்கள், நீண்டு லேசாக மேல்நோக்கி வளைந்த அலகு. அந்த இனத்தில் ஓர் இளம் பறவை 2022-ல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை, எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்தது. நம் கரைக்கு வருபவை வேறு வழிக்காரர்கள், இவ்வளவு தூரம் ஒரே மூச்சில் போகிறவர்கள் அல்ல. ஆனாலும் டேங்க் நிரம்பாமல் கிளம்ப முடியாது. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் சேர்த்ததில் கொஞ்சத்தை நாம் செலவழிக்கவைக்கிறோம்.

சரி, ஏன் ஓட வேண்டியிருக்கிறது? யோசித்தால் பாதிக் காரணம் வெளிச்சம். தொண்டி கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. விடியற்காலையில் போனால் வெளிச்சம் நம் முகத்துக்கு நேரே, பறவையெல்லாம் கறுப்பு நிழல். அதைச் சரிசெய்ய தண்ணீருக்குள் இறங்கிச் சுற்றி வளைக்கிறோம், கூட்டம் மிரள்கிறது. காலையில் போய் வழியில் இட்லி சாப்பிட்டுத் திரும்பும் திட்டம் நமக்கு வசதி, படத்துக்கு வசதி இல்லை. மதியம் மூன்றரைக்கு மேல் போங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், இறகின் ஒவ்வொரு வரியும் தெரியும்.

அப்புறம் நீர் ஏறும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். பாக் நீரிணைப் பக்கம் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் தரை தட்டையாக இருப்பதால் அந்தக் கொஞ்சமே சேற்று விளிம்பை வெகுதூரம் தள்ளிக்கொண்டு வரும். விளிம்போடு பறவையும் வரும். கரையில் பாயை விரித்துக் குப்புறப் படுத்து அசையாமல் இருந்தால், அரை மணியில் உப்புக்கொத்திப் பறவை உங்கள் லென்ஸுக்கு ஃபோகஸ் பிடிக்காத அளவுக்குக் கிட்டே வந்துவிடும். எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. மேலே ட்ரோன் மட்டும் வேண்டாம். அதன் சத்தத்துக்கே அத்தனையும் எழும்பிவிடும்.

கோடையில் இன்னொரு விஷயம், இது கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வலசை வந்தவை போன பிறகும் இங்கேயே குடியிருக்கும் சில உண்டு. தென்னிந்தியக் கரையிலும் இலங்கையிலும் முட்டையிடும் ஒரு சின்ன உப்புக்கொத்தியை 2023-ல் தனி இனம் என்று பிரித்து, இராமர் பாலத்தை நினைத்து அனுமன் பெயரை வைத்தார்கள். அது கூடு கட்டாது. உலர்ந்த மணலில் ஒரு சின்னக் குழி, அவ்வளவே. முட்டை மணல் நிறம். பெரும்பாலும் மிதித்த பிறகுதான் தெரியும். தாய் எழுந்து போனால் சித்திரை வெயிலில் முட்டை வெந்துவிடும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மேட்டு மணலில் நடக்காதீர்கள், முட்டைக் குழியைக் கண்டால் இடத்தைக் குழுவில் போடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம், அதில் பாதுகாக்கப்பட்ட பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்றே வைத்திருக்கிறது. சரணாலயப் பலகை இருக்கும் இடத்தில்தான் இது பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம்.

பக்கத்திலேயே பாருங்கள். திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிக் கண்மாய் 1977-லிருந்து சரணாலயம். அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நம்மால் ஓடாமல் இருக்க முடியாதா?

படம் எடுங்கள், நிறைய எடுங்கள். பறவையின் காலில், அது எங்கே போய் வருகிறது என்று அறிய மாட்டிய வளையமோ சின்னக் கொடியோ இருந்தால் அதன் எழுத்து தெரிய எடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள்; கோடியக்கரையில் பல வருடமாக வளையம் மாட்டுபவர்கள் அவர்கள். பறக்கும் படத்தைவிட அது அவர்களுக்குப் பெரிது. ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் ஆள் வேண்டும்.

வரும் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத் தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். வருகிறவர்கள் ஆளுக்கொரு பழைய பாய் எடுத்து வாருங்கள், புதுசு வேண்டாம், சேறு போகாது. பணியாரம் என் பொறுப்பு.