பழைய அலுமினியப் படகுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் மீன்பிடிப் படகு கைமாறிவிட்டது. அதைத் தள்ளி இறக்க, இழுத்து ஏற்ற என் தோள்கள் இனி ஒத்துழைக்காது. பதினான்கு அடி நீளம், ரிவெட் (தகடுகளை இணைக்கும் உலோக ஆணி) அடித்த மெல்லிய அலுமினியத் தகடு, குறுக்கே மூன்று இருக்கை, பின்னால் சின்ன மோட்டார். அவ்வளவுதான் படகு. என் பேரில் இருந்ததே தவிர, அதை இத்தனை வருடம் மிதக்க வைத்தது நீங்கள்தான். உங்களில் சிலரிடம் நேரில் சொல்லியிருக்கிறேன், சிலரிடம் சொல்ல வாய்க்கவே இல்லை.

முதல் நன்றி, படகை எனக்குக் கொடுத்த பெரியவருக்கு. ஐயா, நீங்கள் படகோடு ஒரு கதையையும் கொடுத்தீர்கள். போர் விமானம் செய்துகொண்டிருந்த அமெரிக்க கிரம்மன் நிறுவனத்தின் வில்லியம் ஹாஃப்மன், 1944-ல் மரமும் கான்வாஸும் சேர்த்துக் கட்டிய தோணியைக் காட்டு வழியில் சுமந்து களைத்துப்போய், விமானத் தகட்டிலேயே தோணி செய்தால் என்ன என்று யோசித்த கதை. போர் முடிந்ததும் தகடும் இருந்தது, அதை வளைத்து ரிவெட் அடிக்கத் தெரிந்த கைகளும் இருந்தன. சின்ன அலுமினியப் படகுகள் பெருகியது அப்படித்தான் என்று சொன்னீர்கள். அதற்கப்புறம் அந்த ரிவெட் வரிசையை நான் வேறு கண்ணோடுதான் பார்த்தேன்.

கசிவு தொடங்கியபோது நான் போய் நின்றது வெல்டிங் பட்டறையில். அந்த அண்ணன் நினைத்திருந்தால் பற்றவைத்துப் பணம் வாங்கியிருக்கலாம். மாட்டேன் என்றார், காரணமும் சொன்னார். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதன் மேலே படிந்திருக்கும் ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். பழைய மெல்லிய தகட்டில் மேல்படலம் இளகுவதற்குள் அடியில் ஓட்டை விழுந்துவிடும், சூட்டில் பக்கத்து ரிவெட்டுகளும் தளர்ந்துவிடும். "ரிவெட் அடிக்கத் தெரிந்த ஆளைப் பாருங்கள்" என்று அனுப்பிவைத்தார். அண்ணா, வந்த வேலையை வேண்டாமென்று சொன்ன உங்களால்தான் படகு பிழைத்தது.

அவர் கைகாட்டியவர், விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எவ்வளவு சொன்னாலும் தீராது. ஐயா, முதலில் என்னைச் சுத்தியலையே தொடவிடவில்லை நீங்கள். படகைத் தாங்குகட்டையில் ஏற்றி உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னீர்கள். அதற்கு மேல் ஊற்றினால் கனம் தாங்காமல் தகடு நெளியும் என்றீர்கள். அடியில் ஈரம் துளிர்க்கும் இடத்தையெல்லாம் மெழுகுப் பென்சிலால் வட்டமிடப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மல்லாந்து படுத்து ஊர்ந்தார்கள். பெரும்பாலும் ஏராவை, அதாவது படகின் நடு அடித்தண்டை, ஒட்டிய வரிசையில்தான் கசிவு. பிள்ளைகளே, உங்கள் கண் கூர்மை எங்கள் யாருக்கும் கிடையாது.

அப்புறம் தொடங்கியது நிஜமான வேலை. வெளியிலிருந்து ரிவெட்டின் தலையில் ஒருவர் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் வாலை இன்னொருவர் அடித்துத் தட்டையாக்க வேண்டும். இது தனி ஆள் வேலையே இல்லை. சரியாக உட்கார்ந்த ரிவெட்டின் சத்தம் வேறு. 'டண்' என்று அதிர்வது, இரண்டு மூன்று அடிக்குள் 'டக்' என்று இறுகிவிடும். ஐயா, கட்டியைப் பிடித்தபடி கீழே படுத்திருந்த நீங்கள் அந்தச் சத்தத்தை வைத்தே "போதும், அடுத்தது" என்பீர்கள். அந்தப் பொறுமையான குரலை நான் மறக்கமாட்டேன்.

மரக்கடைக்காரருக்கும் நன்றி. மோட்டார் மாட்டும் பின்பலகை உளுத்துப்போய்ப் புதுப் பலகை கேட்டபோது, செம்பு கலந்த மருந்து ஏற்றிய பலகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அது ஈரத்தில் அலுமினியத்தை அரித்துவிடும் என்று சாதாரண பிளைவுட்டைக் கொடுத்தார். ஈரம் புகாமல் எப்பாக்ஸி பிசின் பூசி மாட்டினோம். கடைசிவரை அசையவில்லை.

இருக்கைக்குள் ஊறிக் கிடந்த ஃபோம் நுரையை மாற்றியே ஆக வேண்டும் என்று என்னை விடாமல் நச்சரித்த தங்கைக்குத் தனி நன்றி. அலுமினியம் தண்ணீரைவிட 2.7 மடங்கு அடர்த்தி. படகில் தண்ணீர் நிறைந்துவிட்டால் தாங்கிப் பிடிப்பது அந்த நுரைதான். பழைய நுரையை வெட்டி எடுத்தபோது அதிலிருந்து வடிந்த தண்ணீரைப் பார்த்து எல்லோருமே வாயடைத்துப் போனோம்.

என்னோடு விடிகாலையில் வந்து உட்கார்ந்த நண்பர்களே, உங்களுக்கு என்ன சொல்ல? தகட்டுப் படகில் குறடு ஒன்று விழுந்தாலும் போதும், அந்தப் பக்கம் மீன் வராது. அதற்காகவே பழைய கம்பளத்தை வெட்டி அடியில் விரித்தது உங்கள் யோசனை. காற்றில் அணியம், அதாவது படகின் முன்முனை, ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும், அதை அடக்க யாராவது ஒருவர் முன்னால் போய் உட்காருவீர்கள். தூண்டில் போட வசதியில்லாத இடம் அது. ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. மீன் கிடைக்காத நாட்களில் பேசிய பேச்சுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

படகை வாங்கிக்கொண்டு போன தம்பிக்கும் தங்கைக்கும்: நன்றாக வைத்துக்கொள்வீர்கள் என்று தெரிந்துதான் கொடுத்தேன். அடிப்பக்கத்துக்குச் செம்பு கலந்த பெயின்ட் மட்டும் வேண்டாம். தண்ணீரில் இறக்கும் முன் வடிகால் ஓட்டையை மூடும் அடைப்பான் இறுகியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். என்றாவது ரிவெட் கசிந்தால் கூப்பிடுங்கள், கட்டியைப் பிடிக்க நான் வருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் படகு நண்பன்