ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டது: தாதியர் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாதியர் மேலாளர்களுக்கும் சுகாதார அமைச்சு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பினாங்கில் 18 ஆண்டுகளாக வார்டில் வேலை பார்க்கும் தாதி நான். எங்கள் மக்களுக்கு மிஸ்ஸி. சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு காரணம் கோரும் கடிதம் வந்தது. இரவு எட்டு மணி மருந்துகளை 40 நிமிடம் தாமதமாகக் கொடுத்தேனாம். உண்மைதான், கொடுத்தேன். அந்த 40 நிமிடத்தில் நான் எங்கே நின்றேன் என்று கடிதம் கேட்கவில்லை. அதை இங்கே சொல்கிறேன்.

மதிய ஷிஃப்ட். டிங்கியோடு வார்டில் சேர்ந்த ஓர் இளம்பெண்ணுக்கு அன்று காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள். அம்மா பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டு வந்திருந்தார். “காய்ச்சல் விட்டுருச்சு மிஸ்ஸி, நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிருவாங்கல்ல?” அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உடல் சூடு 37. பி.பி. 100க்கு 80. மெஷின் சத்தம் போடவில்லை. சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க முடியாது.

பிள்ளையின் காலைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. நகத்தை அழுத்தி விட்டேன்; நிறம் திரும்பத் தாமதமானது. மதியத்திலிருந்து சிறுநீர் போகவில்லை. படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் புரண்டுகொண்டிருந்தவள், “வயிறு ஒரு மாதிரியா வலிக்குது” என்றாள்.

டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். அப்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் கண்ணை எடுக்கக் கூடாது. உடம்பு விட்டுக்கொடுக்காமல் குழாய்களைச் சுருக்கிப் பிடித்துக்கொள்வதால் பி.பி.யின் மேல் எண் நன்றாகவே தெரியும். கீழ் எண் மெல்ல மேலேறி அதை நெருங்கும். இடைவெளி 20க்கு வந்துவிட்டால் அது அதிர்ச்சி நிலை. 100க்கு 80 என்பதைத் தனித்தனி எண்ணாகப் பார்த்தால் இரண்டுமே பயமுறுத்தாது. சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

மருந்து வண்டியை அப்படியே நிறுத்தினேன். அதற்கு முன் யார் யாரைக் காக்க வைக்கலாம் என்று பார்த்தேன். இன்சுலின் சாப்பாட்டுக்கு முன்பே போட்டாயிற்று. ஒருவருக்கு ஆண்டிபயாடிக் ஊசி நேரம் தவறக் கூடாது. பக்கத்துப் பிரிவுத் தோழியைக் கேட்டேன், அவள் போட்டாள். மிச்சம் இருந்தவை கொலஸ்ட்ரால் மாத்திரை, கால்சியம், வைட்டமின். அவை காத்திருக்கலாம் என்று முடிவு செய்தேன். அது என் மறதி அல்ல, என் முடிவு.

போனில் ஹவுஸ்மேன் டாக்டர், அதாவது பயிற்சி மருத்துவர், “பி.பி. 100 இருக்கே?” என்றார். “கீழே 80 டாக்டர். இடைவெளி 20தான். கால் சில்லிட்டிருக்கு, யூரின் போகல. நீங்க இப்பவே வந்து பார்க்கணும்” என்றேன். வந்தார். இரத்தத்தின் அடர்த்தி காலையில் எடுத்ததைவிட நன்றாக ஏறியிருந்தது. டிரிப்பைக் கூட்டினார்கள், தீவிரக் கண்காணிப்புக்கு மாற்றினார்கள். சில நாளில் பிள்ளை நடந்து வீட்டுக்குப் போனாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், நிமோனியாவோடு ஒரு பெரியவர். அவர் சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் 20, 20, 20 என்றே ஓடியது. யாரும் எண்ணவில்லை, முந்தையதைப் பார்த்து எழுதினோம். அதில் ஒரு 20 என் கையெழுத்து. விடியற்காலையில் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் திரும்பி வரவில்லை. பிரிட்டனில் 2012ல் மருத்துவர்கள் வகுத்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு நிமிடத்துக்கு 25ஐத் தொட்டாலே மூன்று மதிப்பெண், உடனே பார்க்க வேண்டிய நோயாளி. எண்ணுவதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. ஆனால் கட்டம் நிரம்பியிருந்ததால் அன்று எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை.

இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் எங்களை எதை வைத்து அளக்கிறீர்கள்?

நம் பெரியவர்கள் மணியை அழுத்த மாட்டார்கள். “பாவம், மிஸ்ஸிக்கு எத்தனை வேலை” என்று வலியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பார்கள். கேட்டால், “ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் படபடன்னு வருது” என்பார்கள். அந்தப் படபடப்பு மலாயில் எழுதும்போது பாதி தொலைந்துவிடுகிறது. அதைப் பிடிக்கக் கட்டிலருகே நிற்க வேண்டும். நிற்க நேரம் வேண்டும்.

நேரம் என்பது ஆள்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளைப் பார்த்து 2002ல் வந்த ஆய்வு, ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடினால் அறுவை சிகிச்சை முடிந்து 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதைக் காட்டியது. கலிஃபோர்னியாவில் ஒரு தாதிக்கு இத்தனை பேர்தான் என்பது 2004லிருந்து நடைமுறையில் உள்ள சட்டம். இங்கே கட்டிலை எண்ணிப் பிரிக்கிறோம். எழுந்து நடமாடுகிறவரும் ஒரு கட்டில், காய்ச்சல் விட்ட டிங்கி நோயாளியும் ஒரு கட்டில்.

மருந்து நேரத்துக்கும் வழி இருக்கிறது. எல்லா மருந்தையும் அரை மணிக்குள் கொடுத்தாக வேண்டும் என்ற விதியை அமெரிக்காவில் 2011ல் மாற்றினார்கள். அந்த அவசரமே தாதியரைக் குறுக்கு வழிக்குத் தள்ளுகிறது என்று மருந்துப் பாதுகாப்பு அமைப்பு எடுத்துச் சொன்ன பிறகு நடந்தது இது. நேரம் தவறக் கூடாத மருந்துகளைத் தனியே பிரித்தார்கள், மற்றவற்றுக்கு ஒரு மணி, இரண்டு மணி என்று இடம் கொடுத்தார்கள். நம் வார்டுகளிலும் அப்படி ஒரு பட்டியலை டாக்டர்களும் மருந்தாளுநர்களும் தாதியரும் உட்கார்ந்து போட்டுவிடலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

பட்டியல் வரும்வரை, தாமதம் குறிக்கும் படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள்: அந்த நேரத்தில் எந்த நோயாளியிடம் இருந்தீர்கள், ஏன்? எங்களில் எல்லாரும் அதை நேர்மையாக நிரப்புவோம். போன மாதம் வந்த புதுத் தாதி ஒருத்தி என் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, “அப்போ வண்டிய நிறுத்தவே கூடாதா அக்கா?” என்று கேட்டாள். நிறுத்து என்றுதான் சொன்னேன். அவளுக்கும் ஒரு கடிதம் வருமா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
வார்டுத் தாதி ஒருத்தி,
பினாங்கு