தோண்டுவதற்கு முன்னால்

பிரிட்டிஷ் கொலம்பியா, கனடா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? "தங்கம் இருப்பது தெரிந்த பிறகும் தோண்டாமல் வருஷக்கணக்காக என்னதான் செய்கிறீர்கள்?" என்று போனில் கேட்டீர்களே, அது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் கடிதம்.

தங்கம் என்றதும் மஞ்சள் கட்டியாகக் கிடக்கும் என்று நினைக்காதீர்கள். திறந்தவெளிச் சுரங்கங்கள் பலவற்றில் ஒரு டன் தாதுவுக்கு ஒரு கிராம் அளவுதான் கிடைக்கும். கண்ணுக்கே தெரியாது. அந்த ஒரு டன்னை எடுக்க, அதன் மேலேயும் பக்கத்திலும் இருக்கும் வெறும் பாறையை இரண்டு மூன்று டன் வெட்டித் தள்ள வேண்டிவரும். குழியின் சுவரைச் செங்குத்தாக வெட்டினால் செலவு மிச்சம்; அளவு மீறினால் சுவரே சரிந்துவிடும். துளை போட்டு எடுத்த பாறைத் தண்டுகளை வைத்து இன்ஜினியர்கள் அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். என் வேலை தண்ணீர்.

சுரங்கம் வருவதற்கு முன்பு இந்த ஓடைகளும் ஏரிகளும் எப்படி இருந்தன என்று பருவம் பருவமாகப் பதிந்து வைக்க வேண்டும். பனி உருகும்போது தண்ணீர் ஒரு மாதிரி, கோடையில் வேறு மாதிரி. குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் நடந்துபோய், ஐஸைத் துளைத்துச் சாம்பிள் எடுக்கிறோம். உலோகம் பார்க்க வேண்டிய பாட்டில் என்றால், தண்ணீரை நுண்ணிய வடிகட்டி வழியே இறக்கி, கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் கரைந்திருக்கும் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கம்பளிக் கையுறையின் இழையும் தூசியும் சாம்பிளைக் கெடுத்துவிடும் என்பதால் மெல்லிய ரப்பர் கையுறைதான். விரல்கள் மரத்துப் போகின்றன, ஆனாலும் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. நாளைக்கே தண்ணீரில் ஆர்சனிக் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால், அது முன்பே இருந்ததா சுரங்கத்தால் வந்ததா என்பதற்கு இந்தப் பாட்டில்கள்தான் சாட்சி.

அடுத்தது பாறை. தங்கம் இருக்கும் பாறையில் பெரும்பாலும் கந்தகம் கலந்த தாதுக்களும் இருக்கும். பூமிக்கு அடியில் இருக்கும்வரை அவற்றால் தொல்லை இல்லை. வெட்டி வெளியே கொட்டினால், காற்றும் மழையும் பட்டு அமிலம் ஊறும். அந்த அமிலம் உலோகங்களைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகும். எந்தப் பாறை அப்படிச் செய்யும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். ஆய்வகத்தில் நொறுக்கிய பாறை ஒரு கிலோவைக் குழாயில் போட்டு, மூன்று நாள் உலர்ந்த காற்று, மூன்று நாள் ஈரக் காற்று செலுத்தி, ஏழாம் நாள் தண்ணீர் ஊற்றி வடித்துப் பார்க்கிறார்கள். இதை வாரா வாரம், மாதக்கணக்கில் செய்ய வேண்டும். பாறையை அவசரப்படுத்த முடியாது அப்பா.

இதெல்லாம் வெறும் காகித வேலை என்று முதலீடு போட்டவர்கள் அலுத்துக்கொள்வது உண்டு. அவர்களுக்கு நான் மவுண்ட் பாலியைத்தான் சொல்வேன். இதே மாகாணத்தில் இருக்கும் செம்பு, தங்கச் சுரங்கம் அது. தாதுவை அரைத்து உலோகத்தைப் பிரித்த பின் மிஞ்சும் கழிவுச் சேற்றைத் தேக்கி வைக்கும் அதன் அணை 2014 ஆகஸ்ட் 4 அன்று உடைந்து, ஏறக்குறைய 2.5 கோடி கன மீட்டர் தண்ணீரும் சேறும் ஹேசல்டைன் ஓடை வழியாகக் குவெஸ்னெல் ஏரிக்குப் போனது. சால்மன் மீன்கள் வந்து போகும் ஏரி. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் காரணம் என்ன தெரியுமா? அணைக்கு அடியில், பழைய பனியாற்றுக் காலத்து ஏரி விட்டுப்போன பலவீனமான களிமண் அடுக்கு ஒன்று இருந்தது. வடிவமைப்பில் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று சுயாதீன விசாரணைக் குழு சொன்னது. தரைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் பார்த்திருந்தால்!

அப்புறம் முதல் குடிகள், அதாவது இங்குள்ள பூர்வகுடி மக்கள். நிலம் தலைமுறை தலைமுறையாக அவர்களுடையது. கூட்டங்களில் பெரியவர்கள் கேட்கும் கேள்விகள் எங்கள் அறிக்கைகளைவிடக் கூர்மையானவை: மான் கூட்டம் எந்த வழியாகப் போகும், பெர்ரி பறிக்கும் சரிவில் தூசி படியுமா, சுரங்கம் மூடிய பிறகு தண்ணீரைச் சுத்தம் செய்யப்போவது யார்? இந்த மாகாணத்திலேயே, சில்கோட்டின் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் வரவிருந்த ஒரு தங்க, செம்புச் சுரங்கத்தை மத்திய அரசு 2010-லும் 2014-லும் மறுத்தது. முதல் திட்டத்தில் ஃபிஷ் லேக் என்ற ஏரியையே வற்றவைப்பதாக இருந்தது. இரண்டாவதில் ஏரியை விட்டுவைத்தார்கள். ஆனாலும் கழிவின் கசிவு அதைக் கெடுக்கும் என்று ஆய்வுக் குழு கண்டது. முடியாது என்ற பதிலும் வரலாம் என்றால்தான் அனுமதிக்கு அர்த்தம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சுற்றுச்சூழல் மதிப்பீட்டுச் சான்றிதழ் கிடைத்தாலும் வேலை முடியாது. சுரங்கச் சட்டத்தின் கீழ் ஒரு பெர்மிட், கழிவுநீர் விட இன்னொன்று, மூடிய பின் நிலத்தைச் சீர்செய்ய முன்கூட்டியே பிணைத்தொகை. கம்பெனி நொடித்துப்போனால் சுமை மக்கள் தலையில் விழக்கூடாதே, அதற்காக.

இப்போது எங்கள் திட்டத்தில் பெரிய வாக்குவாதம் கழிவுச் சேற்றை எங்கே வைப்பது என்பதில்தான். பக்கத்துப் பள்ளத்தாக்கில் வைத்தால் செலவு குறைவு, ஆனால் அங்கே மீன் ஓடும் ஓடை இருக்கிறது. மேட்டில் வைத்து, தண்ணீரைப் பிழிந்தெடுத்த காய்ந்த கழிவாக அடுக்கலாம் என்று எங்கள் குழு எழுதிக் கொடுத்திருக்கிறது. செலவு கூடும். பனி உருகியதும் அந்த மேட்டில் மறுபடி துளை போட்டு அடிமண்ணைப் பார்க்கப் போகிறார்கள். நானும் போகிறேன். முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் அன்பு மகள்