கல்லூரி வாள்வீச்சுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் இரண்டாம் சுற்றோடு வெளியேறியதையே பலரும் முதலில் சொல்கிறார்கள். 2021 ஜூலை 26 அன்று துனிசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என்று வென்ற அவர், அடுத்து பிரான்சின் மனோன் புருனேயிடம் 7-15 என்று தோற்றார். பிறகு நாட்டு மக்களிடம் மன்னிப்பும் கேட்டார். அந்த மன்னிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. புருனே அதே ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2024இல் பாரிஸில் தங்கமும் வென்றவர்.

வாள்வீச்சின் மூன்று பிரிவுகளில் பவானி தேவியுடையது சேபர். இந்தப் பிரிவில் எதிராளியின் இடுப்புக்கு மேலே தலை, உடல், மணிக்கட்டு வரையிலான கைகள் என எங்கும் வெட்டலாம், குத்தலாம். இருவர் வாளும் ஒரே நேரத்தில் பட்டால், தாக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை நடுவர் தீர்மானித்து அவருக்கே புள்ளி தருவார். நொடிக்கும் குறைவான நேரத்தில் எதிராளியின் எண்ணத்தைக் கணிக்கும் இந்தப் பக்குவம், தனியாகச் செய்யும் பயிற்சியில் வருவதில்லை. தரமான எதிராளிகளோடு ஆண்டுக்கணக்கில் மோதினால்தான் வரும். அந்த ஆண்டுகள் பெரும்பாலும் கல்லூரி ஆண்டுகளாகவே அமைகின்றன. 2004இலும் 2008இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்கச் சேபர் வீராங்கனை மேரியல் ஜகுனிஸ் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்காகவும், ரியோவில் அமெரிக்க அணியோடு வெண்கலம் வென்ற இப்திஹாஜ் முகம்மது டியூக் பல்கலைக்கழகத்துக்காகவும் வாள் பிடித்தவர்கள்.

பெண்கள் சேபர் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற அதே 2004இல்தான் பவானி தேவி சென்னைப் பள்ளியொன்றில் மூங்கில் குச்சியோடு பயிற்சியைத் தொடங்கினார். பின்னர் தலச்சேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் பயின்றபடியே அவ்வூர் அரசு பிரென்னன் கல்லூரியில் படித்தார். 2018இல் கான்பெராவில் காமன்வெல்த் வாள்வீச்சுத் தங்கம் வென்றார். 2023இல் சீனாவின் வூசியில் நடந்த ஆசியப் போட்டியில் அப்போதைய உலகச் சாம்பியனான ஜப்பானின் மிசாகி எமுராவை 15-10 என்று வீழ்த்தி, அரையிறுதியில் ஒரே புள்ளியில் தோற்று, வெண்கலத்தோடு திரும்பினார். ஏறக்குறைய இருபதாண்டு உழைப்பின் விளைச்சல் அது.

நான் கல்லூரியொன்றில் உடற்கல்வி இயக்குநராக இருந்தபோது, பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டியில் பதக்கம் வென்ற சேபர் மாணவி ஒருவர், பட்டம் பெற்ற வாரத்திலேயே வாளையும் முகக்கவசத்தையும் என் மேசையில் வைத்துவிட்டு வேலை தேடிப் போனார். அவர் வென்ற செய்தி எந்த நாளிதழிலும் வரவில்லை. வந்திருந்தால் ஆதரிக்க யாரேனும் முன்வந்திருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒருவர் இருக்கிறார் என்றாவது ஊருக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே, கல்லூரி, பல்கலைக்கழக வாள்வீச்சுப் போட்டிகளின் முடிவுகளைச் சேபர், ஃபாயில், எப்பே எனப் பிரிவுவாரியாக, வென்றவர்களின் பெயர், கல்லூரி, புள்ளி விவரங்களோடு தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர் ஒருவர்,
சென்னை